பிபிஏ சேரப் போகும் பிள்ளைகளுக்கும், சேர்க்கப் போகும் அத்தா அம்மாக்களுக்கும்

(பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியருக்காக நம் அறக்கட்டளை நடத்திய உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில், பணி ஓய்வு பெற்ற வணிக நிர்வாகவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் மருத்துவம், பொறியியல், நர்சிங் என்று பெரிய பெரிய படிப்புகளைச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு பிபிஏ, அதாவது இளநிலை வணிக நிர்வாகவியல். கல்லூரிச் சேர்க்கை மேசையில் உட்கார்ந்த காலமெல்லாம் இந்தப் படிப்பைப் பற்றி நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "பி.காம் கிடைக்கலைன்னா பிபிஏ-ல போட்டுடுங்க சார்." பையன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, விசா வந்தால் போய்விடுவான் என்பது வீட்டின் கணக்கு. அந்த எண்ணத்தோடு சேர்க்கிறவர்களுக்கு இந்தப் படிப்பு ஒன்றுமே தராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை உணர்ந்து படித்தால், இதைப்போல் மறுநாளே கைக்கு உதவுகிற படிப்பு குறைவு.

நம் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார், அல்லது இருந்து திரும்பியிருப்பார். மற்றவர்கள் மளிகை, ஜவுளி, கறிக்கடை, டீக்கடை, வெங்காயம், பருத்தி, மக்காச்சோளக் கொள்முதல் என்று இருப்பார்கள். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் முந்திரி. ஏறக்குறைய எல்லோருக்குமே கொடுக்கல் வாங்கல்தான் தொழில். அப்படிப்பட்ட ஊரில் கொடுக்கல் வாங்கலைப் படிப்பாகச் சொல்லித்தரும் வகுப்புக்கு "வேறெதுவும் கிடைக்காதவன் போகும் இடம்" என்று பெயர் வைத்திருக்கிறோம். விசித்திரம்தான்.

அதில் அப்படி என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்பீர்கள். பாடத்தின் பெயர்களை அடுக்கினால் தூக்கம் வரும். மேலாண்மைக் கோட்பாடு, நிதிநிலைக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கு, சந்தைப்படுத்தல், மனிதவளம், வணிகச் சட்டம், புள்ளியியல், தொழில் முனைவோர் மேம்பாடு என்று போகும். அதனால் வகுப்பில் நான் சொல்லும் ஒரு வெங்காயக் கணக்கையே இங்கேயும் சொல்கிறேன். சின்ன வெங்காயத்துக்கு நம் செட்டிகுளம் பகுதி பெயர் போனது. உங்களில் பாதிப்பேருக்குப் பட்டறை போடத் தெரியும்.

ஒரு தம்பி ஆயிரம் கிலோ வெங்காயத்தைக் கிலோ 30 ரூபாய்க்கு வாங்குகிறான் என்று வையுங்கள். 30,000 ரூபாய் முதல். பட்டறையில் வைத்திருந்து 38 ரூபாய்க்கு விற்கிறான். கிலோவுக்கு எட்டு ரூபாய், ஆக 8,000 ரூபாய் லாபம் என்று வீட்டில் சொல்கிறான். அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்கள். இப்போது நோட்டை எடுப்போம். காய்ந்தும் அழுகியும் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. விற்றது 900 கிலோதான். 900 கிலோவை 38-ஆல் பெருக்கினால் 34,200. வண்டி வாடகை 1,500, ஏற்றுக் கூலி இறக்குக் கூலி 700, சாக்கு 500. எல்லாம் போக மிச்சம் 1,500 ரூபாய். அதிலும் ஒரு கடைக்காரர் 5,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார், இன்றுவரை தரவில்லை. ஆகக் கையில் இருக்கும் காசைப் பார்த்தால் தம்பி போட்டதைவிட 3,500 ரூபாய் குறைவாகத்தான் வைத்திருக்கிறான். ஒரு மாதம் அலைந்த அவன் கூலியை இதில் நான் சேர்க்கவே இல்லை. அடுத்த மாதம் கையில் காசு இல்லாமல் மச்சானிடம் கைமாற்று கேட்கிறான். "லாபம்தான் வந்துச்சு, காசு எங்கே போச்சுன்னு தெரியல" என்கிறான்.

லாபம் வேறு, கையில் புழங்கும் பணம் வேறு. அடக்கவிலை வேறு, வாங்கிய விலை வேறு. முதல் வருஷ மாணவன் இந்த இரண்டையும் முதல் ஆறு மாதத்துக்குள் படித்துவிடுகிறான். எத்தனை கிலோ விற்றால் செலவு ஈடாகும் என்று பார்க்கிற சமநிலைப் புள்ளிக் கணக்கு பிறகு வருகிறது. நம் கடைகள் பல, வியாபாரம் இல்லாமல் மூடப்பட்டவை அல்ல. வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே புழங்கு பணம் தீர்ந்து மூடப்பட்டவை. உங்கள் தெருவிலேயே நினைத்துப் பாருங்கள், இரண்டு கடை ஞாபகத்துக்கு வரும்.

இதை மார்க்கத்துக்கு வெளியே இருக்கும் படிப்பு என்று யாராவது நினைத்தால் ஹழ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி வையுங்கள், நேர்மையான எழுத்தர் எழுதட்டும், சாட்சி வையுங்கள், சிறிய தொகையானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்ற கருத்து அதில் வருகிறது. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்சாரித் தோழர் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். நாம் அவர்கள் மத்ஹபைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவர்கள் கடையைப் பற்றிப் பேசுவதில்லை.

எழுதி வைப்பது என்றதும் இன்னொரு விஷயத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் குடும்பங்களில் உறவை முறிக்கும் விஷயம் அது. மூன்று சகோதரர்கள். அத்தா ஒரு கடை வைத்திருந்தார். மூத்தவர் துபாயில் இருந்து பணம் அனுப்பினார். நடுவர் கடையில் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை நின்றார். இளையவர் படித்து வேறு வேலைக்குப் போனார். அத்தா இருக்கிறவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தா மௌத்தானதும் கேள்வி வருகிறது. மூத்தவர் அனுப்பிய பணம் கடையின் மூலதனமா, கடனா, அல்லது வீட்டுச் செலவுக்கு அனுப்பியதா? நடுவர் இருபது வருஷம் நின்றதற்குச் சம்பளம் உண்டா? கடை வாரிசுச் சொத்தா, சகோதரர்களின் கூட்டு வியாபாரமா? ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தலாக் பஞ்சாயத்தைவிட இந்தப் பஞ்சாயத்துதான் ஜமாஅத்துக்கு அதிகம் வருகிறது என்று நிர்வாகிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிபிஏ வணிகச் சட்டப் பாடத்தில் 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் வருகிறது. அதில் 13-ஆவது பிரிவைப் படிக்கும்போது நம் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கூட்டாளிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், லாப நட்டம் எல்லோருக்கும் சமம். யார் அதிகம் உழைத்தாலும் அதற்குத் தனியாகச் சம்பளம் கேட்க முடியாது. ஒருவர் இறந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கூட்டாண்மையே கலைந்துபோகும் என்கிறது 42-ஆவது பிரிவு. நிறுவனம் பதிவு செய்யப்படாவிட்டால் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடவும் வழியில்லை என்பது 69-ஆவது பிரிவு. கடையில் நின்று தேய்ந்துபோன நடு அண்ணனுக்கு இது தெரிந்திருந்தால், அத்தா இருக்கும்போதே நாலு பேரை வைத்து ஒரு பத்திரம் எழுதியிருப்பார். பங்கு என்ன, சம்பளம் என்ன, வெளிநாட்டுப் பணம் என்ன கணக்கில் சேரும் என்று எழுதினால் யாருக்கும் யார்மேலும் அவநம்பிக்கை என்று ஆகிவிடாது. பத்தொன்பது வயதுப் பிள்ளை வகுப்பிலிருந்து வந்து, "அத்தா, நம்ம கடைக்குப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். கட்டிய பணத்துக்குப் பலன் வந்துவிட்டது.

பெற்றோர் என்னிடம் தனியாக அழைத்துக் கேட்கும் கேள்வி வட்டியைப் பற்றியது. பாடத்தில் வங்கி வருகிறது, வட்டிக் கணக்கு வருகிறது, காப்பீடு வருகிறது, இதைப் படிக்கலாமா என்று. மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை, அது உலமாக்கள் வேலை. என் அனுபவத்தில் கண்டது இவ்வளவுதான். வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரியாதவன்தான் அதில் எளிதாக விழுகிறான். "வட்டியில்லாத் தவணை" என்று விளம்பரம் போட்டு விற்கும் பொருளில் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்க விலைக்கும் தவணை விலைக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வாரத் தவணைக்குக் கடன் தருகிறவர் சொல்லும் தட்டை வட்டி விகிதம் 12 என்றால், குறைந்துவரும் அசலின்மேல் போட்டுப் பார்த்தால் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். நம் பெண்கள் குழுக் கடனில் மாட்டிக்கொண்டு படும் பாட்டை இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வீட்டில் ஒரு பிள்ளை இருக்கட்டும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். பிபிஏ பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் மேலாளர் நாற்காலி கிடைக்காது. பெயரில் நிர்வாகம் இருப்பதால் எடுத்த உடனே நிர்வாகி ஆகிவிடலாம் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். விற்பனை, ஸ்டோர், கொள்முதல், டிஸ்பாட்ச், மனிதவள அலுவலகம், கணக்கு உதவியாளர் என்றுதான் தொடங்கும். சம்பளமும் சாதாரணம்தான். மூன்று நான்கு வருஷம் கழித்து யார் மேலே போகிறார்கள் என்பதில்தான் படித்தவனுக்கும் ஓட்டியவனுக்கும் வித்தியாசம் தெரியும். பட்டப்படிப்பு முடித்தவர்கள் என்ற முறையில் டிஎன்பிஎஸ்சி தேர்வுகளையும் வங்கித் தேர்வுகளையும் எழுதலாம். டான்செட் எழுதி எம்பிஏ போகலாம். திருச்சியிலேயே பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. நாட்டில் மதிப்பு உள்ள இடம். அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பம் போடுகிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

நம் இரண்டு மாவட்டத்திலும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. அரியலூரைச் சுற்றி அரசு சிமென்ட் ஆலையோடு தனியார் ஆலைகளும் எத்தனையோ வருஷமாக ஓடுகின்றன. பெரம்பலூர் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப் டயர் ஆலை. எறையூரில் சிப்காட் தொழிற்பூங்காவும், 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டிய காலணிப் பூங்காவும். ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 1,000 கோடி ரூபாய் முதலீட்டில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனத்தின் ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 15,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். தையல் மெஷினில் உட்காருகிறவர்கள் மட்டும் இருந்தால் ஆலை ஓடாது. தோல் வந்ததா, அட்டைப்பெட்டி வந்ததா, லாரி போனதா, ஆளுக்குச் சம்பளம் ஏறியதா, பி.எஃப் கட்டியாச்சா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலைகளுக்குச் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆள் வந்து நம் ஊரில் வாடகை வீடு தேடும்போது, நம் பிள்ளை பகாலாவில் அரிசி மூட்டை தூக்க சவூதிக்கு விசா தேடிக்கொண்டிருப்பான். இந்தக் காட்சியை நான் ரசிக்கவில்லை.

வளைகுடாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் நம் பள்ளிவாசல், மதரஸா, இந்தக் கட்டடம் எல்லாம் நிற்கிறது. ஆனால் நம் அத்தாமார்கள் போன வளைகுடா இப்போது இல்லை. சவூதியில் 2011-இல் நிதாகத் வந்தது. அதன்பின் கடைக்கு இத்தனை உள்நாட்டுக்காரர் இருக்க வேண்டும் என்று ஆகி, கடைவேலை ஆட்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். 2018 ஜனவரியில் சவூதியிலும் அமீரகத்திலும் மதிப்புக் கூட்டு வரி வந்தது, 5 சதவீதம். சவூதியில் 2020 ஜூலையில் அதை 15 சதவீதம் ஆக்கினார்கள். அமீரகத்தில் 2023 ஜூனிலிருந்து நிறுவன வரியும் வந்துவிட்டது. அதாவது, முன்பு கணக்கே எழுதாத கடைகளெல்லாம் இப்போது முறையாகக் கணக்கு எழுதியாக வேண்டும். தூக்குகிற கைக்குத் தேவை குறைகிறது, எழுதுகிற கைக்குக் கூடுகிறது. பட்டத்தோடு டேலியும் எக்செல்லும் வரிக் கணக்கும் தெரிந்த பையன், கூடவே கொஞ்சம் அரபி பேசினால், போகிற விசாவே வேறு. கல்லூரியில் முதல் பகுதி மொழிப் பாடமாகத் தமிழுக்குப் பதில் அரபி எடுக்கும் வாய்ப்பு சில இடங்களில் இருக்கிறது. ஓதிய பிள்ளைகள் அதை யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக்குப் பட்டச் சான்றிதழைச் சான்றொப்பம் செய்ய வேண்டும். மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம். அமீரகம், குவைத் போன்ற நாடுகளுக்குத் தூதரக முத்திரையும். நடுவில் ஒரு அரியர் இருந்தால் பட்டமே கையில் இருக்காது, முத்திரை எங்கே குத்துவது? பிபிஏ படித்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டு பேப்பர் பாக்கியோடு ரியாத்தில் நிற்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பிளஸ் டூ என்றுதான் எழுதிக்கொள்வார்கள். விசா வந்தாலும் ஆறாவது பருவத் தேர்வை எழுதாமல் அனுப்பாதீர்கள்.

எங்கே சேர்ப்பது? நம் பகுதிக் கல்லூரிகள் பெரும்பாலும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அரியலூர், ஜெயங்கொண்டம், குரும்பலூர், வேப்பந்தட்டை ஆகிய ஊர்களில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. வேப்பூரில் மகளிருக்கென்றே அரசுக் கல்லூரி. பெரம்பலூரில் ரோவர், தனலட்சுமி சீனிவாசன் போன்ற தனியார் கல்லூரிகள். திருச்சியில் 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி, அங்கே பிபிஏ-வுக்குத் தனித் துறை உண்டு. ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வியாபாரிகள். ஜமால் முகமது சாகிப் தோல் வணிகத்தில் பேர் பெற்றவர். வியாபாரத்தில் ஈட்டியதை வியாபாரிகளின் பிள்ளைகள் படிக்கப் போட்டார்கள். மகளிருக்கு அங்கேயே தனிப் பிரிவும், திருச்சியிலேயே அய்மான் மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. எல்லாக் கல்லூரியிலும் பிபிஏ இருக்காது. அதனால் பெயரைக் கேட்டு ஓடாமல் பாடப்பிரிவுப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். பக்கத்துக் கல்லூரியில் பி.காம் இருந்து பிபிஏ இல்லையென்றால் பி.காமே சேருங்கள். இரண்டுக்கும் பாதிக்கு மேல் பாடம் ஒன்றுதான். பி.காமில் கணக்கு ஆழம், பிபிஏ-வில் ஆட்களையும் சந்தையையும் கையாளுவது அதிகம். அதற்காகப் பிள்ளையைத் தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் அலைய விட வேண்டாம்.

அரசுக் கல்லூரிக்கு ஒரே இணையதளத்தில்தான் விண்ணப்பம். அண்மை ஆண்டுகளில் பதிவுக் கட்டணம் சேர்த்து 50 ரூபாய்தான், அதில் ஐந்து கல்லூரி வரை போடலாம். கற்பிப்புக் கட்டணம் இல்லை, மற்றச் சில்லறைக் கட்டணங்கள்தான். சாதிச் சான்றிதழில் கவனம். நம் சமுதாயத்துக்குத் தமிழகத்தில் 2007 முதல் 3.5 சதவீத தனி ஒதுக்கீடு இருக்கிறது. அறுபது இடம் உள்ள வகுப்பில் அது இரண்டு இடம். மார்க் கூடுதலாக இருந்தால் பொதுப் பிரிவிலும் வரலாம். சான்றிதழில் பிசி முஸ்லிம் என்று தெளிவாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இ-சேவை மையத்தில் அவசரத்தில் தப்பான பிரிவைத் தட்டிவிட்டு, சேர்க்கை நாளன்று கண்ணைக் கசக்கி நிற்கும் அம்மாக்களை வருஷா வருஷம் பார்த்தவன் நான்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையனுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. 2024-25-இலிருந்து பிபிஏ, பிசிஏ படிப்புகளை ஏஐசிடிஇ என்ற அகில இந்தியக் குழுமம் தன் கீழ் கொண்டுவந்திருக்கிறது. அந்த ஒப்புதல் உள்ள கல்லூரியில் பிபிஏ சேரும் மாணவிகளுக்குச் சரஸ்வதி என்ற பெயரில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தார்கள். நாடு முழுக்க 3,000 பேருக்கு. கல்லூரியில் ஒப்புதல் இருக்கிறதா என்று சேரும் முன் அலுவலகத்தில் கேளுங்கள். "அதெல்லாம் இருக்கும்மா" என்றால் போதாது, கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பிபிஏ-வுக்கு முன்னும் பின்னும் ஏவியேஷன், லாஜிஸ்டிக்ஸ், ஹாஸ்பிடல் என்று ஒட்டு வைத்து, கோட்டு போட்ட பிள்ளைகளின் படத்தோடு நோட்டீஸ் வரும். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் சொல்வார்கள். எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது, அது யுஜிசி பட்டியலில் இருக்கிறதா, சென்ற வருஷம் படித்து முடித்த மூன்று பேரின் தொலைபேசி எண் தருவீர்களா என்று கேளுங்கள். அம்மாவின் நகையை விற்றுக் கட்டும் பணத்துக்கு மூன்று போன் செய்வது அதிகமில்லை. அந்தப் பணத்தில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லூரியில் படித்தால், முடிக்கும்போது சின்னதாக ஒரு வியாபாரம் தொடங்க முதல் இருக்கும். வட்டிக்கு வாங்காமல் கட்டணம் கட்டச் சிரமப்படும் குடும்பங்கள், வெட்கப்படாமல் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் அழகிய கடனுக்கு மனு கொடுங்கள். அதையும் எழுதி வாங்குவார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். 282-ஆம் வசனம்!

மாணவர்களே, உங்களுக்கு ஒன்றிரண்டு. பாடப் புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் பருவம் மலைப்பாக இருக்கும். விளங்காத பாடத்தை உங்கள் மாமா கடையில் வைத்து யோசியுங்கள். சரக்கிருப்பு மேலாண்மை என்றால், எந்தப் பொருள் தூசி பிடித்துக் கிடக்கிறது, எந்தப் பொருளை வாரத்துக்கு இரண்டு முறை வாங்குகிறோம் என்பதுதான். சனி ஞாயிறில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலோ மண்டியிலோ போய் உட்காருங்கள், சம்பளம் கேட்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவு சரக்கு வியாபாரத்தில் 40 லட்ச ரூபாய் விற்றுமுதலுக்கு மேல் கட்டாயம், ஒன்றரைக் கோடி வரை உள்ள சிறு கடைக்காரருக்கு ஒரு சதவீத இணக்கத் திட்டம் உண்டு. இதை நம் தெருவில் எத்தனை கடைக்காரர் அறிவார்? பத்துக் கடைக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுத்தால் பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் அத்தாவிடம் கை நீட்ட வேண்டாம்.

பெண்கள் பக்கமிருந்து இரண்டு சீட்டு வந்திருக்கிறது. முதலாவது: "மகன் கணக்குப் பாடமே எடுக்கவில்லை. பிபிஏ முடியுமா?" முடியும். கூட்டல், பெருக்கல், சதவீதம் பிழையில்லாமல் வந்தால் போதும். புள்ளியியலில் கொஞ்சம் சிரமப்படுவான், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் டியூஷன் வையுங்கள்.

இரண்டாவது: "மகளுக்கு வரன் வந்திருக்கிறது. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நிக்காஹ் முடித்த பிறகு படிக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?" தாயே, சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் மாப்பிள்ளை வீடு எந்த ஊர், அங்கிருந்து கல்லூரி எவ்வளவு தூரம், வருகைப் பதிவு 75 சதவீதம் வருமா, கட்டணம் யார் கட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிச்சயத்தின்போது பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிவு செய்யுங்கள். மூன்று பருவம் முடித்தவளுக்கு மீதி மூன்றுதான். பதினெட்டு மாதம். காத்திருக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பலர் சம்மதிக்கிறார்கள். நடுவில் நின்றுபோனவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிபிஏ இருக்கிறது, வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதலாம். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் வணிகக் கூட்டத்தை ஷாமுக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தபடியே கணக்குப் பார்த்தவர்கள். உங்கள் மகள் தையலோ ஜவுளியோ வீட்டிலிருந்து செய்தாலும் அந்தப் படிப்பு வீண்போகாது.

அஸருக்கு பாங்கு சொல்லப் போகிறார்கள். தொழுகைக்குப் பிறகு பின்பக்க மேசையில் இருப்பேன். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் மூன்றின் நகலோடு வாருங்கள், விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். வஸ்ஸலாம்.